வாசகர் கேள்விகள்: மன்னரின் பெயரால் ஆள்வது யார்?

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மன்னர் வாசிக்கும் உரையில் ஒரு சொல்கூட அவருடையதன்று, முழுவதும் அமைச்சரவை எழுதிக் கொடுப்பதே என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

அமைச்சர்கள் மன்னரின் அமைச்சர்கள், படை மன்னரின் படை, குற்ற வழக்குகூட மன்னரின் பெயரில்தான் நடக்கிறது. ஆனால் மன்னருக்கு அதிகாரம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த அதிகாரமெல்லாம் எங்கே போயிற்று?
– ஒரு வாசகி, கும்பகோணம்

எங்கும் போகவில்லை, கைமாறியிருக்கிறது. மன்னருக்கு ஆலோசனை சொல்லும் பழைய அவையான பிரிவி கவுன்சிலின் கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். மன்னர் உட்பட எல்லோரும் நின்றுகொண்டே நடத்தும் கூட்டம் அது. மூன்று நான்கு அமைச்சர்கள் வந்திருப்பார்கள். கவுன்சிலின் தலைவராக இருக்கும் அமைச்சர் ஒவ்வோர் ஆணையின் தலைப்பையும் வாசிப்பார். மன்னர் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரே ஒரு சொல் சொல்வார். விவாதம் கிடையாது. சில நிமிடங்களில் கூட்டம் முடிந்துவிடும். வாசிக்கப்பட்ட தலைப்புகளின் பின்னால் இருக்கும் முடிவுகளை அமைச்சர்கள் முன்பே எடுத்திருப்பார்கள். மன்னரின் அந்த ஒரு சொல்லால் அவை ‘கவுன்சில் ஆணை’ என்ற சட்ட வடிவம் பெறுகின்றன.

நம் நாட்டில் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு எழுத்திலேயே சொல்கிறது. பிரிட்டனில் அப்படி ஒரே நூலாகத் தொகுத்த அரசமைப்புச் சட்டம் இல்லை. மன்னர் அமைச்சர்களின் சொற்படி நடக்க வேண்டும் என்பது மரபு மட்டுமே. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்த கடைசி ஆட்சியாளர் ஆன் அரசியார், ஆண்டு 1708. அதன்பின் எவரும் மறுத்ததில்லை. ஆகவே, மன்னர் என்ன செய்துவிடுவாரோ என்பதைவிட, அவர் பெயரில் அமைச்சர்கள் என்ன செய்கிறார்கள், அதை யார் தட்டிக் கேட்பது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

சட்டம் படிக்கிறேன். ‘அரச தனியதிகாரம்’ என்ற சொல் பாடத்தில் வருகிறது. நாடாளுமன்றம் தராத அதிகாரத்தை ஓர் அரசாங்கம் எப்படிப் பயன்படுத்த முடியும்? அதற்கு எல்லை உண்டா?
– ஒரு மாணவர், திருச்சி

ஒரு காலத்தில் மன்னரிடம் தன்னியல்பாக இருந்த அதிகாரங்களில், நாடாளுமன்றம் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டவை போக எஞ்சியிருப்பவையே அரச தனியதிகாரம். வெளிநாட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவது, படையை அனுப்புவது, பாஸ்போர்ட் வழங்குவது, தண்டனையை மன்னிப்பது ஆகியவை அதில் இன்றும் அடங்கும். புதிதாக ஒரு தனியதிகாரத்தை உருவாக்கிக்கொள்ள எவராலும் முடியாது.

எல்லை பற்றிய வழக்குகளில் மிகப் பழைய பெரிய வழக்கு 1610-ஆம் ஆண்டினுடையது. முதலாம் ஜேம்ஸ் மன்னர், லண்டனில் புதுக் கட்டடங்கள் எழுப்பக் கூடாது என்றும், கோதுமையிலிருந்து துணிக்குப் போடும் கஞ்சி தயாரிக்கக் கூடாது என்றும் பிரகடனங்கள் வெளியிட்டார். உணவுக்கான தானியம் சட்டையின் கழுத்துப்பட்டியை விறைக்க வைக்கப் போவது அவருக்குப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். அது நியாயமான கவலையாகக்கூட இருக்கலாம். ஆனால் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்கும் அவருடன் இருந்த நீதிபதிகளும், பிரகடனம் ஒன்றினால் மன்னர் புதிய குற்றத்தை உண்டாக்க முடியாது, நாட்டின் சட்டம் அனுமதிக்கும் தனியதிகாரத்தைத் தவிர வேறெதுவும் மன்னருக்கு இல்லை என்று கருத்துரைத்தார்கள். நோக்கம் நல்லதா என்பதில் அவர்கள் இறங்கவே இல்லை; அதிகாரம் உண்டா என்பதை மட்டும் பார்த்தார்கள். சட்ட மாணவரான நீங்கள் இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கருத்து உடனே வென்றுவிடவில்லை. 1637-இல் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலேயே முதலாம் சார்லஸ் கடற்படைக்கென வசூலித்த ‘கப்பல் பணம்’ என்ற வரி செல்லும் என்று பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் தீர்ப்பளித்தனர். உள்நாட்டுப் போர் மூண்டு, 1649 ஜனவரி 30 அன்று அந்த மன்னரின் தலை வெட்டப்பட்டு, மேலும் ஒரு மன்னர் நாட்டை விட்டு ஓடிய பிறகுதான், நாடாளுமன்றத்தின் இசைவின்றி வரி விதிப்பதும் சட்டங்களை நிறுத்திவைப்பதும் செல்லாது என்று 1689-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் அறுதியிட்டது.

அடுத்த எல்லை ஒரு ஹோட்டலால் வந்தது. முதல் உலகப் போரின்போது, 1916-இல், தேம்ஸ் நதிக்கரையில் இருந்த டி கெய்சர்ஸ் ராயல் ஹோட்டலை அரசு விமானப்படை அலுவலர்களுக்காக எடுத்துக்கொண்டது. அதற்கு இழப்பீடு கேட்டபோது, நாட்டைக் காக்கும் தனியதிகாரத்தின்படி எடுத்தோம், பணம் தரக் கடமை இல்லை என்றது அரசு. இப்படி நிலத்தையும் கட்டடத்தையும் எடுப்பதற்கு இழப்பீட்டுடன் கூடிய சட்டம் ஒன்று 1842 முதலே இருந்தது. ஒரு பொருளைப் பற்றி நாடாளுமன்றம் சட்டம் செய்துவிட்டால், அதே பொருளில் தனியதிகாரம் ஒடுங்கிவிடும், அரசு சட்டத்தின் வழியே மட்டும் போக வேண்டும் என்று, 2009 வரை இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை 1920-இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பைப் பிரதமர் தன் விருப்பப்படி கொடுத்துவிட முடியாது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தர வேண்டும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னபோதும், நூற்றாண்டு பழைய இந்த ஹோட்டல் வழக்கு அங்கே பேசப்பட்டது.

2019-இல் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை முடக்கியதை நீதிமன்றம் ரத்து செய்ததே, அது மன்னரின் ஆணையையே ரத்து செய்ததாகாதா? அரசியல் விவகாரத்தில் நீதிபதிகள் தலையிட்டது முறையா?
– ஒரு வாசகர், சென்னை

நடந்ததை நாள்வாரியாகச் சொல்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நாளாக 2019 அக்டோபர் 31 குறிக்கப்பட்டிருந்தது. உடன்பாடு இல்லாமலே விலகுவதற்கு, மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான காமன்ஸ் சபையின் பெரும்பான்மை எதிராக இருந்தது. கூட்டத்தொடரை முடித்துவைக்கலாமா என்று கேட்டு ஆகஸ்ட் 15 அன்று பிரதமருக்கு ஒரு குறிப்பு போயிற்று. அவர் அதில் ‘ஆம்’ என்று டிக் செய்தார். ஆகஸ்ட் 28 அன்று ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில், விடுமுறையில் இருந்த எலிசபெத் அரசியார் முன் பிரிவி கவுன்சில் கூடியது. அதில் இருந்த அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக் உட்பட மூவரும் ஆளுங்கட்சியினர். செப்டம்பர் இரண்டாம் வாரம் தொடங்கி அக்டோபர் 14 வரை, அதாவது ஐந்து வாரங்கள், நாடாளுமன்றம் இருக்காது என்று ஆணை பிறந்தது.

இந்த இடத்தில் அரசியாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மறுத்திருந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரை எதிர்த்து அரசியலில் இறங்கினார் என்ற பழி வரும். மறுக்காமல் இருந்ததால், சட்டவிரோதம் என்று பின்னால் அறிவிக்கப்பட்ட ஒரு செயலுக்குத் தம் பெயரைக் கொடுத்தவர் ஆனார். மரபு அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. அந்த மரபின் மறைவில் இருந்தது பிரதமரின் முடிவு.

வழக்குகள் வந்தன. இது அரசியல், எங்கள் வேலை இல்லை என்றது இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம். சட்டவிரோதம் என்றது ஸ்காட்லாந்தின் மேல் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தில் பதினொரு நீதிபதிகள் மூன்று நாள் கேட்டு, செப்டம்பர் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தலைவர் ஹேல் சீமாட்டி வாசித்த அந்தத் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதன் நடை மிக எளியது. பிரதமரின் உள்நோக்கம் என்ன என்ற கேள்விக்குள் அது போகவில்லை. நாடாளுமன்றம் தன் கடமையைச் செய்வதை ஒரு முடித்துவைப்பு தடுக்கிறதா, தடுத்தால் அதற்குத் தக்க காரணம் காட்டப்பட்டதா என்ற இரண்டை மட்டும் கேட்டது. புதிய அமர்வைத் தொடங்கிவைத்து அரசியார் வாசிக்கும் உரையைத் தயாரிக்க வழக்கமாக நான்கு முதல் ஆறு நாட்கள் போதும் என்று முன்னாள் பிரதமர் ஜான் மேஜர் சாட்சியம் அளித்திருந்தார். ஐந்து வாரம் ஏன் என்பதற்கு அரசுத் தரப்பில் எந்த அமைச்சரும் பிரமாண வாக்குமூலம் தரவில்லை. நல்ல காரணம் இருக்கட்டும், காரணம் என்று எதுவுமே தங்கள் முன் வைக்கப்படவில்லை என்றனர் நீதிபதிகள்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை அதே தீர்ப்பில் இருக்கிறது. பிரதமர் அரசியாருக்குத் தந்த ஆலோசனை சட்டவிரோதம். ஆகவே அதிலிருந்து பிறந்த ஆணையும் செல்லாது. அந்த ஆணையை ஏந்தி பிரபுக்கள் சபைக்குள் நுழைந்தவர்கள் ஒரு வெற்றுத் தாளை ஏந்தி வந்தது போல் ஆயிற்று என்று எழுதினார்கள். நாடாளுமன்றம் முடித்துவைக்கப்படவே இல்லை. மறுநாள் சபை கூடியது.

தலையிட்டது முறையா என்று கேட்கிறீர்கள். முறை என்றே நான் கருதுகிறேன், தயக்கமில்லாமல். அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் சபையை, கேள்விக்கு உள்ளாகும் அரசாங்கமே காரணம் சொல்லாமல் மூடிவைக்கலாம் என்றால், அமைச்சர்கள் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பானவர்கள் என்ற வாக்கியத்துக்குப் பொருளே இல்லாமல் போகும். தெருவில் வாக்களித்தவர் எத்தனை கோடி பேராக இருந்தாலும், அவர்கள் அனுப்பிய உறுப்பினர் உட்கார ஓர் இருக்கை திறந்திருக்க வேண்டும்.

போர் தொடுக்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டுமா?
– ஒரு வாசகர், வேலூர்

சட்டப்படி வேண்டாம், அதுவும் தனியதிகாரத்தில் அடங்குவது. ஈராக் போருக்கு முன் 2003 மார்ச் 18 அன்று டோனி பிளேர் காமன்ஸ் சபையின் வாக்கைக் கேட்டார். 412-க்கு 149 என்று கிடைத்தது. 2013 ஆகஸ்டில் சிரியா மீதான நடவடிக்கைக்கு டேவிட் கேமரூன் கேட்டார்; 285-க்கு 272 என்று தோற்றார், தோல்வியை ஏற்றுக்கொண்டார். மரபு ஒன்று உருவாகிவிட்டது என்று பலரும் எழுதினார்கள். 2018 ஏப்ரலில் தெரசா மே, முன்கூட்டி வாக்கெடுப்பு ஏதும் இல்லாமல் சிரியா மீது தாக்குதல் நடத்தினார். எழுதப்படாத மரபு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் நான் தேட வேண்டியதில்லை.

இலங்கையும் 1972 வரை முடியாட்சியின் கீழ்தானே இருந்தது? அந்த ‘முடி’ எங்கள் மக்களைத் தொட்டது உண்டா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு. நீங்கள் அறிந்திருக்கக்கூடிய கோடீஸ்வரன் வழக்கையே சொல்கிறேன். இளைய வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அரசு எழுதுவினைஞராக இருந்த தமிழரான அவர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாததால் 1962-இல் அவருக்குரிய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956-ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டமே செல்லாது, ஓர் இனத்தவருக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுக்கும் சோல்பரி அரசியலமைப்பின் (சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பு) 29-ஆம் பிரிவுக்கு அது முரண் என்று அவர் வழக்காடினார். 1964-இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

மேன்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1967-இல் மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. முடியின் ஊழியர் ஒருவர் தம் சம்பளத்துக்காக முடி மீது வழக்குப் போட முடியாது என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த ஓர் அரசியாரின் பெயர், கொழும்பில் இருந்த அரசாங்கத்துக்குக் கேடயமாயிற்று. பிறகு லண்டனில், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரிவி கவுன்சிலின் நீதிக் குழு, உங்கள் ஊர்ச் சொல்லில் கோமறைக் கழகம், 1969 டிசம்பரில் அந்தக் கேடயத்தை விலக்கியது. இலங்கையில் நிலவும் ரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் ஊழியர் சம்பளத்துக்கு வழக்காடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் பற்றிய கேள்வியை முடிவு செய்யும்படி வழக்கை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரவே இல்லை. 1971-இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை நீக்கப்பட்டது. 1972 மே 22 அன்று வந்த குடியரசு அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவும் இல்லை. சம்பள உயர்வு கேட்டுப் போன ஒரு மனிதர் பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேறி, முக்கியமான கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே நின்றார் என்பது என்னை இன்றும் வருத்தும் செய்தி.

டியாகோ கார்சியா தீவில் தமிழ் அகதிகள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தார்களே, அந்தத் தீவை ஆள்வது எந்த நாடாளுமன்றம்?
– ஒரு வாசகி, இராமநாதபுரம்

அவர்கள் அங்கே இருந்த காலத்தில் அந்தத் தீவுக்குச் சொந்தமாக நாடாளுமன்றம் எதுவும் இல்லை. டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டம் 1965-இல் ஒரு கவுன்சில் ஆணையால் மொரிஷியஸிலிருந்து பிரிக்கப்பட்டு, ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்’ ஆக்கப்பட்டது. அமெரிக்கத் தளத்துக்காக அங்கே பிறந்து வளர்ந்த மக்கள் 1973-க்குள் முழுவதும் வெளியேற்றப்பட்டனர். 2000-இல் லண்டன் உயர் நீதிமன்றம், ஒரு பிரதேசத்தின் ‘அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி’க்காகச் சட்டம் செய்யும் அதிகாரத்தில் அந்தப் பிரதேசத்தின் மக்களையே வெளியேற்றும் அதிகாரம் அடங்காது என்றது. அரசும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2004 ஜூன் 10 அன்று, நாடாளுமன்ற விவாதம் எதுவும் இல்லாமல், புதிய கவுன்சில் ஆணைகள் அவர்களது திரும்பும் உரிமையை மீண்டும் பறித்தன. நான் முன்பே சொன்ன அந்த நின்றபடி நடக்கும் கூட்டத்தில், ஒரு தலைப்பு வாசிக்கப்பட்டு, ஒரு சொல் சொல்லப்பட்டு, ஒரு மக்கள்கூட்டம் ஊரை இழந்தது. 2008-இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ஆணைகள் செல்லும் என்றது. எதிர்த்து எழுதிய இருவரில் பிங்கம் பிரபு, தம் மக்களை நாடு கடத்தும் தனியதிகாரம் மன்னருக்கு இருந்ததாக எந்த ஆதாரமும் இல்லை என்ற நிலையை எடுத்தார். எனக்கு அவருடைய பக்கமே சரியாகப் படுகிறது.

நீங்கள் குறிப்பிடும் இலங்கைத் தமிழர்கள் 2021 அக்டோபரில், கனடாவை நோக்கிச் சென்ற படகு பழுதானபோது அங்கே கொண்டுசெல்லப்பட்டவர்கள். பெரும்பாலோர் 2024 டிசம்பரில் பிரிட்டனுக்கு அழைத்துவரப்பட்டனர். அவர்கள் அடைத்துவைக்கப்பட்டது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் அதே மாதம் தீர்ப்பளித்தது. தீவை ஆண்டது ஆணைதான் என்றாலும், அந்த ஆணையின் கீழ் அமைந்த நீதிமன்றமே அதைச் சொன்னது கவனிக்கத்தக்கது.

மன்னரோ அவருடைய பிரதிநிதியோ பிரதமரை நீக்கியது உண்டா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ஆஸ்திரேலியாவில் 1975 நவம்பர் 11. மேலவை செலவு மசோதாக்களுக்கு ஒப்புதல் தராமல் நிறுத்திவைத்திருந்தது. அரசியாரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், பிரதமர் கஃப் விட்லமை நீக்கி எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃபிரேசரை நியமித்தார். கீழவையின் சபாநாயகர் அரசியாருக்கு எழுதி முறையிட்டபோது, இது கவர்னர் ஜெனரலின் அதிகாரம், அரசியார் தலையிட முடியாது என்று அரண்மனையிலிருந்து பதில் வந்தது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2020-இல் வெளியான கடிதங்களில், அரசியாருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் இருப்பதே நல்லது என்று தாம் கருதியதாகக் கெர் எழுதியிருப்பது தெரிந்தது. நியமித்தது விட்லம், நீக்கியது அவர் நியமித்தவர், பெயர் அரசியாருடையது. அடுத்த மாதத் தேர்தலில் ஃபிரேசர் பெரும் வெற்றி பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தேர்தல் முடிவு நீக்கத்தின் முறையைச் சரி செய்துவிடாது என்றே நான் எண்ணுகிறேன்.

2019 தீர்ப்புக்குப் பிறகு பிரிட்டன் அரசு பாடம் கற்றதா?
– ஒரு ஆசிரியை, திருநெல்வேலி

கற்றது, நீங்கள் எதிர்பார்க்கும் பாடத்தை அல்ல. நாடாளுமன்றத்தை எப்போது கலைப்பது என்பதை 2011-ஆம் ஆண்டுச் சட்டம் பிரதமரின் கையிலிருந்து எடுத்துச் சபையிடம் கொடுத்திருந்தது. 2022-இல் புதிய சட்டம் ஒன்று அதை நீக்கி, கலைக்கும் தனியதிகாரத்தை மன்னரிடமே, அதாவது பிரதமரிடமே, திருப்பிக் கொடுத்தது. அதன் மூன்றாம் பிரிவு, அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்ட விதத்தை மட்டுமின்றி, அதன் எல்லை எதுவரை என்பதைக்கூட எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்கிறது. 1610-இல் எட்வர்ட் கோக் கேட்ட அதே கேள்வியை. 2024 மே 22 அன்று கொட்டும் மழையில் நின்று ரிஷி சுனக் தேர்தலை அறிவித்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரத்தை இந்த மூன்றாம் பிரிவு தொடவில்லை. அதைப் பொறுத்தவரை ஹேல் சீமாட்டியின் தீர்ப்பு இன்றும் அப்படியே நிற்கிறது.